ஷெர்வினுக்கு இரண்டு வயசு

கீழ்க்கட்டளை
3.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜோசி எழுதுகிறேன். நானும் ஜோஷ்வாவும் சுகம். மழைதான் எங்களைச் சுகமாக இருக்க விடமாட்டேன் என்கிறது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மண்டியிடும்போது துணி மடித்துப் போட்டுக்கொள்ள மடத்து மதர் அனுமதி கொடுத்தார்களா?

செய்தி இதுதான். உன் தங்கை இப்போது ஒரு கால்பந்து அணியின் ஜெனரல் மேனேஜர். சிரிக்காதே. பல்லவா எஃப்.சி., இரண்டாம் பிரிவு லீக்கில் ஆடுகிற, சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரர்கள் உள்ள நிஜமான அணி. முதலாளி சக்திவேல் சார் பள்ளிக்கரணையில் அடுக்குமாடி கட்டுகிறவர். நான் பதினாலு வருஷம் ஏர்போர்ட்டில் பெட்டிகளையும் ஆட்களையும் நேரத்துக்கு ஏற்றி இறக்கியவள் என்று யாரோ சொல்ல, என்னைக் கூப்பிட்டுவிட்டார். "உதைக்கிறதுக்கு ஆள் இருக்காங்க மேடம். ஒழுங்கா நடத்துறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றார்.

முதல் நாளே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு ஆட்டக்காரர்களுக்கு அலமாரியில் மூன்றே ஃபைல். அதில் ஒன்றில் பிரியாணிக் கடை மெனு. பழைய மேனேஜர் போகும்போது கம்ப்யூட்டர் பாஸ்வேர்டையும் கூடவே கொண்டுபோய்விட்டார். மைதானம் பொழிச்சலூரில். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது கோச் சவுரிமுத்து திட்டுவதை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார். "இன்னா மேடம், ஃபைல் பாத்துகினு இருந்தா கோல் வுழுமா?" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன வரவேற்புரை. பையன்கள் என்னை "மேடம் சார்" என்கிறார்கள்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் ஷெர்வின் உன்னிடம் நாலாம் வகுப்பு படித்தவனாம்! "ஜாஸ்மின் டீச்சர்தான் மேடம் என்னை மொதல்ல கிரவுண்டுல எறக்கினாங்க" என்று கண் கலங்குகிறான். நீ மடத்துக்குள் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, இவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையே. இருபது வயதுதான். இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட இரண்டு பேர் எப்போதும் களத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் லீக்கின் விதி. அந்த இருவரில் ஒருவன் அவன். அடித்த கோலில் பாதி அவனுடையது.

எனக்காக வேண்டிக்கொள். நிஜமாகவே பயமாக இருக்கிறது.

உன் ஜோசி


கார்மேல் மடம்
12.11.2025

கிறிஸ்துவில் அன்பான ஜோசி,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. இங்கே பதினேழு பேரும் சுகமாக இருக்கிறோம். துணி போட்டுக்கொள்ள மதர் அனுமதி தந்துவிட்டார்கள். துணி தந்தும் முழங்கால் கேட்கவில்லை.

இந்த வருஷம் பீன்ஸ் நன்றாக வந்திருக்கிறது. தோட்டக்காரர் ஏசுதாசனின் பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்தானம். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். குழந்தை தண்ணீர் பட்டதும் சாமியாரை முறைத்துப் பார்த்தது. எனக்கு உன் ஞாபகம் வந்தது.

புது வேலையில் கோபத்தைக் குறைத்துக்கொள். தினமும் உனக்காக ஒரு ஜெபம் தனியாகச் சொல்கிறேன். முப்பதாம் தேதி திருவருகைக்காலம் தொடங்குகிறது. வழக்கம்போல கிறிஸ்துமஸ் வரை கடிதம் எழுதுவதும் இல்லை, படிப்பதும் இல்லை. வருவதை மதர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்திலும் அப்படித்தான், உனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை ஜோஷ்வாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


கீழ்க்கட்டளை
22.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. நாற்பத்துநாலு வயதிலும் "ஞானஸ்தானம்" என்றுதான் எழுதுகிறாய்! ஞானஸ்நானம், அக்கா. ஸ்நானம் என்றால் குளியல். அப்பா எத்தனை தடவை சிவப்பு மையில் அடித்தார்? இப்படி எழுதும் டீச்சரை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

இங்கே கூத்து நிற்கவில்லை. போன வாரம் மைதானத்தில் முழங்கால் தண்ணீர். கோல் கம்பத்தடியில் சவுரிமுத்து ஒரு விரால் மீனைப் பிடித்தார், குழம்பும் வைத்தார். பயிற்சிக்கு மேடவாக்கத்தில் ஒரு காலேஜ் மைதானம் கேட்டு, கெஞ்சி, வாங்கி, பஸ் அனுப்பினால், டிரைவர் வேறு காலேஜில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். இருந்தும் ஐந்து ஆட்டம் ஜெயித்திருக்கிறோம். இப்படியே போனால் முதல் பிரிவு. பல்லாவரம் பக்கத்திலிருந்து ஒரு அணி முதல் பிரிவில்! நினைத்தாலே சிலிர்க்கிறது.

ஷெர்வினைப் பற்றிக் கேட்டேன், ஒரு வரியும் காணோம். மறந்துவிட்டாயா? அவன் உன்னை மறக்கவில்லை.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு.

ஜோசி


கார்மேல் மடம்
28.12.2025

கிறிஸ்துவில் அன்பான ஜோசி,

உங்கள் இருவருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். பெட்டி திறந்ததும் உன் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். விரால் மீன் கதையை ஓய்வு நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். வயதான சிஸ்டர் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார்.

குளிர் அதிகம். முழங்கால் பரவாயில்லை.

ஷெர்வின் நன்றாக இருக்கட்டும். அவன் அம்மா தனம் எப்படி இருக்கிறார்கள்? இன்னும் கட்டட வேலைக்குத்தான் போகிறார்களா? பழைய காரியங்களை எழுதிக்கொண்டிருப்பது எங்களுக்கு வழக்கமில்லை. அதனால்தான் எழுதவில்லை.

அக்கா


கீழ்க்கட்டளை
24.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் சரியில்லை.

எங்களிடம் தோற்ற அணி ஒன்று லீக் கமிட்டிக்குப் புகார் எழுதியிருக்கிறது. ஷெர்வினுக்கு இருபது இல்லையாம், இருபத்து மூன்றாம். இருபத்து மூன்று என்றால் அவன் ஆடி நாங்கள் ஜெயித்த ஆட்டமெல்லாம் செல்லாது.

கமிட்டி இரண்டு வழி கொடுத்திருக்கிறது. வயதில் தப்பு உண்டு என்று மார்ச் 25க்குள் அணியே முன்வந்து சொன்னால், அவனுக்கு ஆறு மாதத் தடை, எங்களுக்குக் கண்டிப்பு, அத்தோடு சரி. தப்பே இல்லை என்று ஜெனரல் மேனேஜர் கையெழுத்துப் போட்டு, பிறகு பொய்யென்று தெரிந்தால் ஒருவரையும் விடமாட்டார்கள். அந்த ஜெனரல் மேனேஜர் நான்தான்.

நான் பயப்படவில்லை. வயிற்றெரிச்சல் புகார்தான் இது. அவன் பிறப்புச் சான்றிதழ் தாமதமாகப் பதிவு செய்தது. அதற்கு ஆதாரம் நம் பழைய பங்குக் கோயிலில் கொடுத்த சான்று. சனிக்கிழமைகளில் அந்த ஆபீசில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தது நீதானே? ஞாபகம் இருந்தால் இரண்டு வரி எழுது. கமிட்டிக்குக் காட்ட ஒரு பலமாக இருக்கும்.

ஜோசி


கார்மேல் மடம்
5.2.2026

அன்பான ஜோசி,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். பனி பெய்து பீன்ஸ் எல்லாம் கருகிவிட்டது.

பதிவேட்டை யாராவது கேட்டார்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கீழ்க்கட்டளை
14.2.2026

அக்கா,

சுகமா என்று கேட்கக்கூட எனக்கு வரவில்லை. கேட்கிறேன். சுகமா?

நேற்று ஷெர்வினின் அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே பங்குச் சான்று. அச்சடித்த படிவம் தீர்ந்துபோயிருந்ததோ என்னவோ, லெட்டர்பேடில் கையால் எழுதியது. ஜூன் 2014. "மேற்படி சிறுவன் ஷெர்வினுக்கு ஞானஸ்தானம் கொடுக்கப்பட்டது" என்று முதல் வரி.

ஞானஸ்தானம்.

உன் "ஷ", உன் "ஞ". ஐந்து நிமிஷம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோஷ்வா போன் பண்ணினார், எடுக்கவில்லை.

உடனே வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த தனம் என் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள்.

"டீச்சரம்மா மேல தப்பு இல்லம்மா. நாந்தான் கால்ல வுழுந்தேன். அவங்க அப்பன் செத்து மூணு வருஷம் புள்ள ஸ்கூலுக்கே போவல, என்கூட கல்லு தூக்கிகினு இருந்தான். பதினோரு வயசாச்சு, ஆறாங் கிளாஸ்லதான் போடுவோம்னு சொல்ட்டாங்க. அவனுக்கு ஆனா ஆவன்னாவே மறந்து பூட்ச்சு, ஆறாங் கிளாஸ்ல குந்தி இன்னா பண்ணுவான்? டீச்சரம்மாதான் மூணு வருஷம் கொறச்சு எழ்திக் குடுத்தாங்க. எழ்தும்போது அழுதாங்கம்மா."

ஒரு சாதாரணத் தப்பைக்கூட மன்னிக்காதவள் நீ. ஸ்கேல் திருடினேன் என்று என்னைக் கூட்டிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வைத்தவள். நீயா?

அடுத்த வருஷமே மடத்துக்குப் போனாயே, அது இதனாலா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். நான் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல். புதன்கிழமை தவக்காலம் தொடங்கிவிடும். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

ஜோசி


கீழ்க்கட்டளை
8.3.2026

அன்புள்ள அக்காவுக்கு,

இது பெட்டிக்குள் போய்ப் பூட்டப்படும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். போன கடிதம் உன்னிடம் சேர்ந்ததா இல்லையா என்றும் தெரியவில்லை. யாரிடமாவது பேசியாக வேண்டும். உன் முழங்காலுக்கு இப்போது வெயில் காலம் நல்லது என்று நினைக்கிறேன்.

சக்திவேல் சாரிடம் சான்று சந்தேகமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. "கையெழுத்து போட்டு அனுப்புங்க மேடம். இன்னும் மூணு மேட்ச்" என்றார். வக்கீலைக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் ஷெர்வினுக்கு ஆறு மாதத்தோடு முடிந்துவிடும், ஆனால் பொய்ச் சான்று எழுதியவர் யார் என்ற கேள்வி கட்டாயம் வரும், போலீஸ் வரைக்கும் போகலாம் என்றார். எனக்குக் கார்மேல் மடத்து வாசலில் ஒரு ஜீப் நிற்பது போலத் தெரிந்தது.

ஷெர்வினை ஆபீசுக்கு அழைத்துக் கேட்டேன். மறைக்கவில்லை.

"எனக்கு ரெண்டு வயசு மேடம். கேக் வெட்றது ஆதார் வயசுக்கு. அம்மா மட்டும் அன்னிக்கு காதுல வந்து நெஜ வயச சொல்லிட்டுப் போவும். சொல்லிடுங்க மேடம், ஆறு மாசம்தானே, பெஞ்சுல குந்திக்கிறேன்."

கொஞ்ச நேரம் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். பிறகு கேட்டான்: "டீச்சர் பேர் வெளிய வருமா?"

வரும் என்றேன்.

"அப்போ வேணாம் மேடம்."

நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும் அக்கா. சொல் என்றால் சொல்லிவிடுவேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். இந்த மௌனத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஜோசி


கீழ்க்கட்டளை
24.3.2026

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஷெர்வினின் ஆவணங்கள் அனைத்தையும் நேரில் சரிபார்த்தேன், அவன் வயது இருபதுதான் என்று எழுதி, இன்று சாயங்காலம் மெயிலில் அனுப்பிவிட்டேன். கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருக்கிறது.

உன் பெயர் எங்கும் வராது. இனி நிம்மதியாக ஜெபம் செய். ஈஸ்டருக்கு நீ இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். திட்டுவதாக இருந்தால் அப்போது திட்டிக்கொள்.

ஜோசி


கார்மேல் மடம்
6.4.2026

கிறிஸ்துவில் அன்பான ஜோசி,

உயிர்ப்பு விழா வாழ்த்து எழுத வேண்டிய கடிதம். எழுத முடியவில்லை.

நேற்று பெட்டி திறந்தது. உன் இரண்டு கடிதங்களையும் தேதி பார்த்து வரிசையாகப் படித்தேன்.

உன் பிப்ரவரிக் கடிதம் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் என் கைக்கு வந்துவிட்டது. படித்ததும் பதில் எழுதத் துணிவில்லை. மறுநாள் தவக்காலம் தொடங்கியபோது, கடவுள் மன்னிக்கட்டும், எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மாதம் தூங்கவில்லை. கடைசியில் மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மார்ச் 19 சூசையப்பர் திருநாள். அன்றைக்கு மட்டும் விதிவிலக்காக ஒரே ஒரு கடிதத்துக்கு அனுமதி தந்தார்கள்.

உனக்கு எழுதுவதா, கமிட்டிக்கு எழுதுவதா என்று காலையிலிருந்து யோசித்தேன். உனக்கு எழுதினால், சொல்லும் பாரம் உன் தலையில் விழும். சொந்த அக்காளைக் காட்டிக்கொடு என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? நானே சொல்லிவிட்டால் நீ தப்பித்துவிடுவாய் என்று நினைத்தேன். தாமாகச் சொன்னால் மன்னிப்பு உண்டு என்று நீதானே எழுதியிருந்தாய். கமிட்டிக்கு எழுதினேன். அந்தச் சான்று நான் எழுதியது, பையன் பிறந்தது 2002, என் தங்கைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, உண்மை தெரிந்த பிறகு அவளே உங்களிடம் சொல்வாள் என்று எழுதினேன். ஸ்பீட் போஸ்டில் அன்றே போனது.

நீ கையெழுத்துப் போட மாட்டாய் என்று நம்பினேன் ஜோசி. எனக்காகப் போடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நீ கேட்டாய். ஆமாம், மடத்துக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து முதல் முறை தன் பெயரை எழுதியதைப் பார்த்தபோது நான் வருந்தவில்லை. இன்றுவரை என்னால் முழுதாக வருந்த முடியவில்லை.

என்ன ஆயிற்று என்று உடனே எழுது. மதர் இனி எத்தனை கடிதம் வேண்டுமானாலும் எழுதச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா


கீழ்க்கட்டளை
16.4.2026

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் ஜோஷ்வாவும் சுகம். நீ படுத்திருப்பதாக மதர் போனில் சொன்னார்கள். எழுந்து நடமாடு, படுத்தே இருக்காதே.

என்ன ஆயிற்று என்று கேட்டாய். எழுதுகிறேன்.

பத்தாம் தேதி விசாரணை, கம்ப்யூட்டர் திரையில். டெல்லியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். உன் கடிதம். மூலையில் கமிட்டி ஆபீஸ் முத்திரை: மார்ச் 23. அதன் பக்கத்தில் நான் அனுப்பிய தாளை வைத்தார். மார்ச் 24.

உண்மை அவர்கள் மேஜைக்கு முதல் நாளே போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் அதன் மேல் போய் நான் பொய்க் கையெழுத்தை வைத்திருக்கிறேன். "உங்கள் சகோதரிக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அணி முன்வந்து சொன்னால்தான் மன்னிப்பாம். வேறு யார் சொன்னாலும் அது புகார்தானாம். ஏழு வெற்றியும் போயிற்று. அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்குகிறது. எனக்கு ஐந்து வருஷம் கால்பந்தில் எந்த வேலையும் கூடாது. ஷெர்வினுக்கு இரண்டு வருஷத் தடை. ஆறு மாதமாக இருந்திருக்க வேண்டியது. தடை முடியும்போது அவனுக்கு நிஜமாகவே இருபத்தைந்து ஆகியிருக்கும். இப்போது அம்மாவோடு கட்டட வேலைக்குப் போகிறானாம். போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை.

உன்மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. தீர்ப்பில் உன்னைப் பற்றி ஒரு தனிப் பத்தி இருக்கிறது. உன் நேர்மையைப் பாராட்டியிருக்கிறார்கள்.

என் தப்பை மறைக்கவில்லை. மடத்துக்கு ஒரு போன் போட்டு மதரிடம் கதறியிருக்கலாம், கதவைத் திறந்திருப்பார்கள். போடவில்லை. நீ என்ன சொல்வாயோ என்ற பயம். கையெழுத்துப் போடச் சொல்லி என்னை யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. இதெல்லாம் என் கணக்கு, நான் சுமந்துகொள்கிறேன்.

ஆனால் தினமும் ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மார்ச் 19 வியாழக்கிழமை போட்ட கடிதம், கீழ்க்கட்டளைக்குச் சனிக்கிழமை வந்திருக்கும். நான் செவ்வாய்க்கிழமைதான் கையெழுத்துப் போட்டேன். நடுவில் முழுசாக மூன்று நாள் அக்கா.

மாத்திரையை நிறுத்தாதே. மே மாதம் வந்து பார்க்கிறேன்.

பத்து வருஷத்தில் முதல் முறையாக விதியை மீறி ஒரு கடிதம் எழுத உன்னை விட்டார்கள். ஒரே ஒரு கடிதம். அதில் நீ நல்லவளாகிவிட்டாய். அதை எனக்கு எழுதியிருக்கக் கூடாதா?

ஜோசி